பனிமுகன் மிதித்தானா, இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் சித்திரக்கதைகளை முதல் இதழிலிருந்து ஒன்றுவிடாமல் படித்துவருகிறவனும், தொழிலால் தையல்காரனுமாகிய வாசகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் கடையிலுள்ள இரண்டு மிஷின்களும் நலம். அங்கே தாங்களும், கதை எழுதுகிறவரும், படம் வரைகிறவரும், வண்ணம் பூசுகிறவரும் நலமாக இருக்க வேண்டும். செம்போர்வையான் நலமா என்று கேட்கமாட்டேன். அவன் ஆற்றில் விழுந்துவிட்டது எனக்குத் தெரியும்.

எடுத்த எடுப்பிலேயே என் கஷ்டத்தைச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்பதால், தாங்கள் தனித்தனி இதழாகப் போடும் மற்றக் கதைகளைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. 'இடிக்குரலி' நன்றாகத்தான் போகிறது, குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் கத்தினால் கட்டடமே ஆடும் என்று முதல் இதழில் சொன்னீர்களே, ஏழு இதழாக அவள் கத்தியது மொத்தம் இரண்டே தடவை, மற்ற நேரமெல்லாம் தோழிகளோடு வட்டமாக உட்கார்ந்து ஆலோசனை செய்கிறாள், அதற்கு எதற்கு ஐயா அந்தக் குரல்? 'மின்னல் இரட்டையர்' இருவருக்கும் ஒரே உடுப்பு, எவன் மூத்தவன் எவன் இளையவன் என்று அவர்களைப் பெற்றவளாலேயே சொல்ல முடியாது, ஒருத்தனுக்கு மட்டும் காலர் வைத்துக் கொடுத்தால் தீர்ந்தது, அளவு வேண்டுமென்றால் நானே எழுதி அனுப்புகிறேன். 'ஆறாம்விரல்' கதையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கதாநாயகனுக்கு ஆறு விரல் இருப்பதுதான் கதையே, போன மாதம் அவனுக்கு ஐந்து விரல் கையுறை மாட்டிவிட்டிருக்கிறீர்கள், மிச்ச விரலை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

செம்போர்வையானுக்குப் பை கிடையாது என்று நான் முன்பே எழுதியது தங்களுக்கு நினைவிருக்கலாம். முப்பத்தோராம் இதழில் அவன் சாவி போட்டு வீட்டைத் திறந்தான், அவன் உடுப்பிலோ ஒரு பை இல்லை, சாவி எங்கிருந்து வந்தது என்று நான்கு பக்கம் எழுதினேன். தாங்கள் அதை இரண்டு வரியாகக் கத்தரித்து வெளியிட்டீர்கள். நானும் கத்தரி பிடிக்கிறவன்தான், ஆனால் முழுக்கால் சட்டை கேட்டவருக்குக் கைக்குட்டை தைத்துக் கொடுத்ததில்லை. போகட்டும், அதெல்லாம் பழைய கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, லிப்ட் மெக்கானிக். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தங்கள் 'செம்போர்வையான்' இதழுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். வருவது ஒரு பிரதி, ஆள் இரண்டு, பொறுமை இருவருக்குமே இல்லை. அதனால் நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தோம். சனிக்கிழமை கடைக்கு வந்ததும் அவன் திருப்புளியால் நடுவிலிருக்கும் பின்னை நெம்பி எடுத்துவிடுவான். மொத்தம் எட்டுத் தாள். வெளியே இருக்கும் நான்கு தாளில் கதையின் முதலும் முடிவும் இருக்கும், உள்ளே இருக்கும் நான்கு தாளில் ஒன்பதிலிருந்து இருபத்துநாலு வரை நடுக்கதை இருக்கும். ஒரு மாதம் வெளித்தாள் எனக்கு, உள்தாள் அவனுக்கு, மறு மாதம் மாற்றிக்கொள்வோம். முதலும் முடிவும் தெரிந்தவன் நடுவில் என்ன ஆச்சு என்று கேட்க, நடு மட்டும் தெரிந்தவன் இவன் ஏன் இங்கே வந்தான் என்று கேட்க, அப்படிக் கேட்டுக் கேட்டே சாயங்காலம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் தாளை மாற்றிக்கொண்டு ஒழுங்காகப் படிப்போம். கடைசியில் நான் நீல நூலால் நடுவில் தைத்துவிடுவேன். தங்கள் பின்னைவிட என் தையல் உறுதி, இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அச்சகத்தில் ஏதோ கோளாறு என்று நாற்பத்தேழாம் இதழையும் நாற்பத்தெட்டாம் இதழையும் ஒரே உறையில் அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, அன்றைக்குப் பார்த்து வழக்கமெல்லாம் கெட்டது. மச்சான் வந்தான், உட்காரும் முன்பே இரண்டு இதழின் பின்னையும் நெம்பிப் போட்டான், அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட டீச்சரம்மா ஒரு மூட்டைச் சீருடையோடு வந்து எல்லாவற்றுக்கும் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கித் தர வேண்டும் என்று நின்றார். மேஜையில் இடமில்லை. நான் தாள்களை வாரியெடுத்து அவசரமாக இரண்டு புத்தகமாகத் தைத்து, "மாப்ள, இன்னைக்கு ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போவோம், அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்றேன். எனக்கு நாற்பத்தேழு, அவனுக்கு நாற்பத்தெட்டு.

ஐயா, நாற்பத்தேழை நான் நான்கு தடவை படித்தேன். இப்படியொரு கதையைத் தாங்கள் இதுவரை போட்டதில்லை. எட்டாம் பக்கத்தில் செம்போர்வையான் எரிகிற பாலத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிறான், போர்வையில் தீ. பக்கத்தைத் திருப்பினால், ஒன்பதாம் பக்கத்தில் அவன் அமைதியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், எதிரே அவனுடைய பரம எதிரி பனிமுகன் டீ போட்டுக்கொண்டிருக்கிறான்! பதினாறு பக்கம் இருவரும் டீ குடித்துக்கொண்டு சின்ன வயதுச் சேட்டைகளைப் பேசிச் சிரிக்கிறார்கள். இருபத்தைந்தில் மறுபடியும் ஆற்றுக்கு மேலே செம்போர்வையான், கை விட்டுப்போய்க் கீழே விழுகிறான். சாகப்போகிற நேரத்தில் மனசு எங்கே போகிறது பாருங்கள், சண்டை போட்டுப் பிரிந்த சிநேகிதனிடம் போகிறது! இதை யோசித்த கை எந்தக் கை? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் படம் வரைகிறவரிடம் இரண்டு குறை. டீ குடிக்கும் இடத்தில் செம்போர்வையானுக்குப் போட்டிருக்கும் சட்டை தோளில் இரண்டு அங்குலம் தொங்குகிறது, அது அவன் அளவே இல்லை, ஆளைப் பார்த்து அளவெடுக்கத் தெரிய வேண்டாமா? அதே மாதிரி அவன் வலது கை விரல்களுக்கு வண்ணமே பூசாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள், பதினாறு பக்கமும் அப்படியே. இவ்வளவு நல்ல கதையில் இந்தச் சோம்பேறித்தனம் கூடாது.

அடுத்த சனிக்கிழமை மச்சான் வந்தான். வந்ததும் வராததுமாக, "மாமா, பனிமுகன் அந்த மிதி மிதிச்சானே, பாத்தீங்களா?" என்றான்.

"எங்க மிதிச்சான்?"

"பாலத்துலதான். இவன் தொங்கிட்டு இருக்கான், அவன் பூட்ஸ் காலால நாலு விரலையும் நசுக்குறான். உங்க நாப்பத்தேழுல நடந்தது, என்னோடதுல இவனுக்கு ஞாபகம் வருது. வாசல்ல பனிமுகன் வந்து நிக்கிறான், இவனுக்கு உடனே அந்த மிதி ஞாபகம் வருது, பக்கம் பக்கமா வருது. அப்புறம் கடைசியில என்னடான்னா கை குடுக்கிறான்! கொஞ்சமாவது ரோஷம் வேணாமா ஒரு மனுஷனுக்கு?"

"மாப்ள, என்னோடதுல மிதியே இல்ல. அவனா வழுக்கி விழுறான். பனிமுகன் பாலத்துப் பக்கமே வரல, வீட்டுல டீ போட்டுக் குடுக்கிறான்."

"டீயா! லிப்ட் கம்பியில நான் தொங்கிப் பாத்திருக்கேன் மாமா, ஒத்தக் கையில நாலு நிமிஷம் தாக்குப் பிடிக்கலாம். அவன் அப்படி லேசுல வழுக்கிற ஆளா? யாரோ மிதிச்சாதான் விழுவான். நல்லா பாருங்க."

"நாலு தடவ பாத்துட்டேன்."

"அப்ப கண்ணாடிய மாத்துங்க. ஊசியில நூல் கோக்கவே அக்காவக் கூப்பிடுறீங்க, இதுல படத்த எங்க பாக்கப்போறீங்க?"

ஐயா, கடையில் அப்போது வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள். தையல்காரனைப் பார்த்துக் கண் தெரியவில்லை என்று வாடிக்கையாளர் முன்னால் சொல்லலாமா? எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ மேலயும் கீழயும் போயிட்டு வர்ற ஆளு, கதை நேரா போனா உனக்கு எப்படிப் புரியும்?" என்றேன். இந்தா புத்தகம், நீயே பார் என்று நீட்டினேன், வேண்டாம் என்றான். அவன் நீட்டியதை நானும் வாங்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு போனவன்தான். மூன்று சனிக்கிழமை ஆகிறது, வரவில்லை. புது இதழ் வந்து உறை பிரிக்காமல் நூல்கண்டுப் பெட்டிமேல் கிடக்கிறது. அவனில்லாமல் அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

இதில் இன்னொன்று. அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. பத்து மணி நேரப் பயணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறான். இதைக்கூட என் மனைவிதான் சொன்னாள். "ஏங்க, அவன் போறான். ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்" என்றாள். நான் எப்படிப் போவேன்? நான் சொன்னது சரியாயிருக்கும்போது நான் போய்ப் பேசினால், மிதித்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? ஆனாலும் சொல்கிறேன், தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வேறு சிநேகிதர் கிடையாது. இந்த வயதில் ஒருவரைப் பிடித்து, செம்போர்வையான் யார் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாற்பத்தேழாம் இதழில் பனிமுகன் மிதிக்கவில்லை என்று தங்கள் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் அதை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து அவன் வீட்டுக்குப் போவேன். அவன் "சரி மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் மேற்கொண்டு ஒன்றும் பேசமாட்டேன். சாட்சிக்கு என் நாற்பத்தேழாம் இதழையும் வைத்திருக்கிறேன், வெள்ளை விரல்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன்.

தங்கள் பேனாவில் மை வற்றாமல், அச்சகத்தில் கோளாறு வராமல், எல்லா வீரர்களும் பறக்கிற உயரம் குறையாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நாற்பத்தெட்டு இதழ்களின் தையல்காரன்

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதியது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். உறை ஒட்டப் பசை கேட்டேன், கொண்டுவந்த என் மனைவி, பென்சில் வட்டம் போட்ட பக்கத்தை எட்டிப் பார்த்து, "அய்யோ பாவம், கையில கட்டு போட்டிருக்கான். யாருங்க மிதிச்சா?" என்றாள். கட்டு! நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கட்டுத்தான். வண்ணம் பூசுகிறவர் ஒரு தப்பும் செய்யவில்லை. உடனே என் நீல நூலைப் பிரித்தேன். உள்தாள்களின் ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், நாற்பத்தெட்டு என்று அச்சாகியிருக்கிறது. இதன் வயிற்றை எடுத்து அதற்கும், அதன் வயிற்றை எடுத்து இதற்கும் வைத்துத் தைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் ஒரு சட்டைக் கையைக்கூட நான் மாற்றி வைத்துத் தைத்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். மச்சான் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். "மாப்ள, மிதிச்சான். நீ சொன்னதுதான் சரி. எனக்குக் கண்ணுதான் தெரியல" என்றேன். அவன் கட்டி வைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து நாற்பத்தெட்டை எடுத்துக்கொடுத்தான். தரையில் உட்கார்ந்து தாள்களை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தோம். பனிமுகன் மிதிக்கிறான், இவன் ஆற்றில் விழுகிறான். அடுத்த இதழில் மிதித்தவனே, நனைந்தவனுக்குக் கொடுக்கக் காய்ந்த சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான், உள்ளே வந்து டீ போட்டுக்கொடுக்கிறான். செம்போர்வையானுக்குத் தோள் தொங்குகிற அந்தச் சட்டை பனிமுகனுடைய சட்டை ஐயா! படம் வரைகிறவர் அளவில் ஒரு நூல்கூடத் தப்பவில்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். "அப்ப மிதிச்சதும் நெசம், டீயும் நெசமா மாமா?" என்று கேட்டான் மச்சான். ஆமாம் என்றேன். "மூணு வாரம்" என்றான். பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டதால் ஒரே தம்ளரில் டீ குடித்தோம்.

ஆகவே கையெழுத்தும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். அவன் ஞாயிற்றுக்கிழமை போகிறான். அவனுடைய புது விலாசத்தைத் தபால்தலை ஒட்டிய அந்த உறைமேல் எழுதியிருக்கிறேன். வருகிற மாதத்திலிருந்து இதழுக்குப் பின் அடிக்க வேண்டாம். வெளித்தாள் நான்கையும் எனக்கு அனுப்புங்கள், உள்தாள் நான்கையும் அவனுக்கு அனுப்புங்கள். நடுவில் என்ன நடந்தது என்று நாங்கள் போனில் கேட்டுக்கொள்கிறோம்.