எழுநூற்று நாற்பது

“சாரி சார், உங்க கார்டு வரம்பைக் கூட்ட முடியலை. ஆனா உங்க கடன் கோப்பைப் பாத்துட்டோம்.”

“பாத்துட்டீங்களா? எப்படிப் பாத்தீங்க? மேலோட்டமாவா, தோண்டியா?”

“தோண்டித்தான் சார்.”

கர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். நாற்பது நிமிடம் போனில் பியானோ இசையைக் கேட்டுக் காத்திருந்து, ‘என் கிரெடிட் ஸ்கோர் அடிபடாமல் வரம்பைக் கூட்டுங்கள்’ என்று மூன்று பேரிடம் ஒப்பித்தவன் அவன். வங்கிக்காரன் மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. தோண்டினால் போச்சு. 738 இருந்தது, இப்போது 733.

740 வேண்டும். அது இருந்தால்தான் டொலிடோ நகரில் அவனும் மனைவி டானாவும் பார்த்து வைத்திருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கட்டுப்படியாகிற வட்டியில் கடன் கிடைக்கும். வரம்பு பெரிதாகவும் செலவு சிறிதாகவும் இருந்தால் ஸ்கோர் ஏறும் என்று படித்ததிலிருந்து, வரம்பு வரம்பு என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பாழாய்ப்போன ஸ்கோரோ 740-இன் வாசல்வரை, 739 வரைகூட வரும், சறுக்கும், மறுபடி வரும், மறுபடி சறுக்கும்.

அதுவரை மாமியார் பெர்னடின் வீட்டு பேஸ்மென்ட்தான் கதி. இரண்டு வருடமாக வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் நடுவே படுக்கை. காலை ஆறு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

“ஏன்டி டானா, உன் புருஷனுக்கு வீடு எப்பக் கெடைக்குமாம்?” மாடிப்படி உச்சியிலிருந்து பெர்னடினின் குரல் வந்தது. “இந்தப் பனிக்காலத்துலயா, அடுத்ததுலயா?”

“இன்னும் ஏழே புள்ளி அத்தை! ஏறின அன்னிக்கே கிளம்பிருவோம்.”

“நல்லாப் போங்க. நான் அங்க தையல் மெஷின் போடணும். போறதுக்கு முன்னாடி வாசல்ல பனியத் தள்ளிட்டு, பார்சல உள்ள எடுத்து வைங்க மாப்ள.”

அந்த வீட்டில் பார்சலுக்குப் பஞ்சமே கிடையாது. டிவியில் எதைக் காட்டி விற்றாலும் பெர்னடினுக்கு வேண்டும். குளிர் தொடங்கும்போது ஐஸ்கிரீம் மெஷின் வாங்கினாள். கிறிஸ்துமஸுக்குக் காலை அமுக்கிவிடும் நாற்காலி. அதைத் தூக்கி கர்ட்டுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் கண்ணாடித் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் ரஸ்ஸலிடம் புலம்பினான்.

“தொடாத கார்டு ஏதாவது இருக்கா? மூடிரு. சுத்தமா இருந்தா ஸ்கோர் தானா ஏறும்” என்றான் ரஸ்ஸல்.

பதினோரு வருடப் பழைய கார்டு ஒன்று சும்மா கிடந்தது. மூடினான். அதோடு அதன் வரம்பும் போயிற்று. மாதக் கடைசியில் 721.

“எவன் மூடச் சொன்னது?” என்று டானா கத்தினாள்.

“ரஸ்ஸல்.”

“அவன் ஸ்கோர் என்னவாம்?”

“அதைக் கேக்கலையே!”

“கேக்காதே. கேட்டா எனக்கு நெஞ்சு வலிச்சிரும். போனைக் கொடு இங்க.”

டானா அவனுடைய இன்னொரு கார்டின் பக்கத்தைத் திறந்தாள். அதில் கர்ட்டின் சம்பளம் ஆறு வருடத்துக்கு முந்தியது. “மேற்பார்வையாளன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, இதை மாத்தணும்னு தோணலையா உனக்கு?” என்று திட்டிக்கொண்டே புதுச் சம்பளத்தைப் போட்டாள். ஐயாயிரம் டாலர் வரம்பு ஒன்பதாயிரமாயிற்று. தோண்டவில்லை, ஒன்றுமில்லை. ஒரு நிமிட வேலை. கர்ட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து கார்டைத் தொடவே இல்லை. மதியத்துக்கு வீட்டு முட்டைக்கோஸும் சாசேஜும்தான். மார்ச் முதல் வாரம் போனைப் பார்த்தவன் படிகளில் தாவி ஏறினான்.

“அத்தை! எழுநூத்தி நாப்பத்தொண்ணு!”

பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பெர்னடினின் கை நின்றது.

“நெசமாவா?”

“பத்து நாள்ல வங்கியில வரச் சொல்லிருக்காங்க. அப்புறம் உங்களுக்கு எங்க தொல்லையே இல்ல!”

“சந்தோஷம் மாப்ள” என்று சொல்லிவிட்டு, மாவுக் கையோடு டிவி அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது என்று கர்ட் டானாவிடம் சொன்னான்.

பத்தாம் நாள், கடன் அதிகாரி ஐவி கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“எழுநூத்திப் பத்தொன்பது.”

“மேடம், நாப்பத்தொண்ணு! என் கண்ணால பாத்தேன்!”

“மூணாவது கார்டை வரம்பு முட்டச் செலவு பண்ணிருக்கீங்களே சார்.”

“என்கிட்ட இருக்கறதே ரெண்டு கார்டு!”

“இது பெர்னடின் நோவிக்கியோட கார்டு. ரெண்டு வருஷமா உங்க பேரையும் அதுல சேத்து வெச்சிருக்காங்க. பிள்ளைங்க ஸ்கோர் ஏறட்டும்னு பெரியவங்க நல்ல மனசோட செய்யறதுதான். ஆனா அவங்க கார்டை நிரப்பினா உங்க ஸ்கோரும் சேந்து எறங்கும். பேரை எடுக்கச் சொல்லிட்டு அப்புறமா வாங்க.”

இத்தனை நாளும் எண்ணை மட்டும் பார்த்தானே ஒழிய, அடியில் இருந்த கார்டுப் பட்டியலை ஒரு தடவை திறந்து பார்த்தானா மடையன்?

“பாவம் அம்மா, நமக்கு நல்லது செய்யறதா நெனச்சிருக்காங்க” என்றாள் டானா காரில். “சத்தம் போட்டுறாதே. பக்குவமா எடுத்துச் சொல்லு.”

வீட்டு வாசலில் பனி கொட்டிக் கிடந்தது. அதன்மேல் பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே துடுப்புப் படகு. எழுபத்தொரு வயதில், ஊரை ஒட்டியிருக்கும் ஈரி ஏரியில் இன்றுவரை கால்கூட நனைக்காத பெர்னடின், கோட்டை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

கர்ட் மூச்சை இழுத்துவிட்டான். “அத்தை, இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க கார்டுல என் பேர் இருக்கு. நீங்க நிறைய வாங்கினா என் ஸ்கோர் எறங்கிருது.”

பெர்னடின் பனி தள்ளும் மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

“தெரியாமலா மாப்ள? எழுநூத்தி முப்பத்தொம்போதுன்னு நீங்க குதிச்சப்ப ஐஸ்கிரீம் மெஷினே போதுமா இருந்துச்சு, நாப்பத்தொண்ணுக்குப் படகுல்ல வாங்க வேண்டியதாப் போச்சு!”