பார்க்க மட்டும் கொடுத்த வரிசை

கல்யாணக் கனவில் இருப்பவர்களைக் கம்ப்யூட்டர் பக்கம் விடக்கூடாது. (வண்டி ஓட்டக்கூட விடலாம், ஓரமாக நிறுத்திவிட்டுக் கனவு காண்பார்கள்.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் புரோகிராமராக இருந்தேன். அன்று சாயங்காலம் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் மினுங்கியது. தூரத்தில் ஒரு கப்பல், போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மிதந்தது. மாப்பிள்ளை பாபுவைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அந்த மீசையோடு அதற்குள் நான் அந்தக் கப்பலில் ஏறி, பாதிக் கடலைத் தாண்டியிருந்தேன்.

கையில் இருந்த வேலை சின்னது. யார்டுக்குள் வரக் காத்திருக்கும் லாரிகளைக் கேட் போர்டில் காட்ட வேண்டும். போர்டில் பத்து வண்டிதான் பிடிக்கும். லாரி வரிசையை வைத்திருந்தது என் சீனியர் ஸ்டெல்லா அக்காவின் புரோகிராம். அதை எனக்கு ரீட்-ஒன்லி இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் கொடுத்திருந்தார். எண்ணலாம், ஒவ்வொன்றாகப் படிக்கலாம். நீக்க வழி கிடையாது. ஜன்னல் கம்பி வழியாக அடுத்த வீட்டைப் பார்ப்பது மாதிரி.

"தோ பாரு, பாக்க மட்டும்தான் குட்த்துகீறேன். கொறைக்கணும்னா தனியா ஒரு லிஸ்ட் போட்டுக்கோ, அதுல இன்னா வோணா பண்ணு" என்றார்.

தலையாட்டினேன். அக்கா நகர்ந்ததும், அந்த இன்டர்ஃபேஸை அசல் லிஸ்டாக காஸ்ட் செய்து, அதாவது வகை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரே வரிதான். மாறிவிட்டது! நீக்கும் வசதியும் கூடவே வந்துவிட்டது. என்னே என் மூளை! பத்துக்குப் பிறகு இருந்த வண்டிகளையெல்லாம் நீக்கினேன். போர்டு அழகாக மின்னியது. நான் திரும்பக் கப்பலேறினேன்.

நீக்கியது அக்காவின் அசல் வரிசையிலிருந்து என்று அப்போது உறைக்கவில்லை. பத்து வண்டி உள்ளே போனதும் வரிசை காலி. செக்யூரிட்டி சந்தோஷமாகக் கேட்டை மூடிவிட்டார். வெளியே கடலோரச் சாலை முழுக்க லாரிகள் ஹாரன் அடித்தன. எனக்கு அது நாதஸ்வரமாகவே கேட்டது.

செல்போன் அடித்தது. என் நைனா. டிரெய்லர் ஓட்டுகிறவர்.

"இன்னாம்மா, காத்தாலேர்ந்து லைன்ல கீறேன். என் வண்டியே லிஸ்ட்ல இல்லன்றான் உங்க கேட்டுக்காரன்! நான் இல்லாம மாப்ள வூட்டுக்காரங்க யார்கிட்டமா பேசுவாங்க?"

பெண் பார்க்கிற நாளில் பெண்ணைப் பெற்றவரையே நீக்கியிருக்கிறேன்.

ஸ்டெல்லா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பாக்கத்தானடி சொன்னேன்! ஒரே பேஜாரா பூட்ச்சே!" அழிந்த வரிசை திரும்பவில்லை. டிரைவர்கள் ஒவ்வொருவராகச் சண்டை போட்டு மறுபடி பதிந்தார்கள். சண்டை போடத் தெரியாத நைனா கடைசி. அக்கா என்னை வீட்டுக்கு விரட்டினார்.

வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா எங்க?" என்று பாபு கேட்டார்.

பயத்தில் உண்மையே வந்துவிட்டது. "நான்தான் டெலிட் பண்ணிட்டேன்."

அவருடைய அம்மாவின் பஜ்ஜி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. சம்பந்தம் போயே போச்சு என்று எனக்குக் கண் கலங்கியது. பாபு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். மிச்ச பஜ்ஜியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, பைக்கில் லாரி வரிசையைத் தேடிப் போய்விட்டார்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, நைனாவும் பாபுவும் ஒரே பைக்கில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவையில் நின்ற என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை.

கல்யாணம் நடந்தது. இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், நைனா மருமகன் தோளில் கைபோட்டு ஆரம்பித்துவிடுவார்:

"இவுரு பொண்ணப் பாக்கவே இல்லபா. லாரில குந்திகினு என்னத்தான் பாத்தாரு. என்னப் புட்ச்சிப்போயி, அவளக் கட்டிக்கினாரு!"