கண்ணை மூடியிருந்தபோது நான் வேட்பாளரான கதை

பெண்கள் விடுதி, திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய முரளி மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தையும் பொன்மலை குவார்ட்டர்ஸ் முருங்கை மரமும் நலம்தானே. வாட்ஸ்அப்பில் எழுதாததற்குக் காரணம், அங்கே எது போட்டாலும் அடுத்த நிமிடம் குடும்பக் குரூப்புக்கு அனுப்பிவிடுவீர்கள். திருவெள்ளறையில் அப்பாவுக்கு இது தெரியக் கூடாது.

எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்பது நிஷா அக்கா. பச்சைமலைப் பொண்ணு, மூன்றாம் ஆண்டு, பேசினால் கேன்டீனில் டீ ஆறிப்போகும், அப்படிப் பேசுவாங்க. அவங்களுக்காக நாற்பது ரீல்ஸ் எடிட் பண்ணேன், யாரும் சொல்லித் தரல, நானே பார்த்துக் கத்துக்கிட்டது. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சனிக்கிழமை விடுதி கேட்டை அஞ்சரைக்குப் பூட்டாம ஏழு மணிக்குப் பூட்டணும். ஏன்னா மாமா, காவிரிப் பாலத்துல நின்னா ஒரு பக்கம் மலைக்கோட்டை விளக்கு, இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், நடுவுல தண்ணி கறுத்துக்கிட்டே வருமாம். இங்க சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு, அந்த விளக்கு எரியறதை நான் போன்லதான் பார்த்திருக்கேன்.

போன புதன்கிழமை கல்லூரி சேப்பல்ல ஜெபம் நடத்தற அற்புதசாமி ஐயா, "சிறப்பு ஜெபம் வேணுங்கறவங்க கண்ணை மூடினபடியே கை தூக்குங்க" என்றார். மறுநாள் புள்ளியியல் பரீட்சை, தூக்கிட்டேன். கண்ணை மூடினதும் அந்தப் பாலம் வந்துடுச்சு. காத்து வருது, கோட்டையில ஒவ்வொரு விளக்கா எரியுது, நான் எண்ணிக்கிட்டு நிக்கறேன். எல்லாரும் ஆமென் சொன்னது எனக்குக் கேக்கல. அடுத்து பேரவைப் பொறுப்பாசிரியர் வந்து, "நிஷாவை எதிர்த்துப் போட்டியிடறவங்க கை தூக்கலாம்" என்று கேட்டதும் கேக்கல. கைதட்டல் மட்டும் கேட்டுச்சு. ஜெபத்துக்குத் தட்டறாங்கன்னு நினைச்சு, கையை இறக்காமலே சிரிச்சிருக்கேன். பேரை எழுதிட்டாங்க.

வெளியே வந்ததும் நிஷா அக்கா பிடிச்சாங்க.

"ஏண்டி, எனக்கே எதிரா நிக்கிறியா?"

"ஜெபம்தான் பண்ணேன்க்கா."

"நல்ல ஜெபம்டி. கேட்ட உடனே பதவியே கிடைக்குது."

அன்னையிலேருந்து என் ஸ்டேட்டஸைக்கூட அவங்க பார்க்கறதில்ல. சோறு இறங்கல மாமா.

வாபஸ் வாங்கணும்னா வர்ற புதன்கிழமை சேப்பல்ல கை தூக்கணும். ஆனா எனக்கு என் மேல நம்பிக்கை இல்லை. அதனால செவ்வாய்க்கிழமையே நீங்க வந்து, "எங்க வீட்டுப் பொண்ணு எலெக்‌ஷன்ல நிக்கக் கூடாது" என்று பொறுப்பாசிரியர் முன்னாடி மேசையைத் தட்டிக் கத்தணும். பூனையையே "கொஞ்சம் நகருங்க" என்று சொல்றவர் நீங்க, தெரியும். தினமும் ரயில்வே ஒர்க்‌ஷாப் போகும்போது கொஞ்சம் கத்திப் பழகுங்க. அங்க சத்தத்துல யாருக்கும் தெரியாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியும் குரலும் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
வைஷ்ணவி

பி.கு.: மாமா, செவ்வாய்க்கிழமை வர வேண்டாம். அது நேத்தே போயிடுச்சு. கடிதத்தைத் தபால்ல போட மறந்து பையிலேயே வெச்சிருந்தேன். இன்னைக்கு சேப்பல்ல கண்ணையே மூடல. ஜன்னல் கலர் கண்ணாடி வழியா வெயில் விழுந்து தரையெல்லாம் தண்ணி மாதிரி ஆடுச்சு. அதைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். நிமிர்ந்தா, வாபஸுக்குத் தூக்கின கை நிஷா அக்காவோடது. "மூணு வருஷமா ஏழு மணி கேட்டுக் கேட்டு, வார்டன் மேடத்துக்கு என் குரலே அலுத்துப் போச்சு. நீ கேளுடி, உன் மூஞ்சியைப் பார்த்தா இல்லைன்னு சொல்ல மனசு வராது" என்று சொன்னாங்க. இப்ப நான்தான் தலைவர். இனி அவங்க எனக்கு ரீல்ஸ் எடுப்பாங்களாம்.

போய்க் கேட்டேன். வர்ற சனிக்கிழமை மட்டும், வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கூட வந்தா, ஏழு மணி வரைக்கும் விடறாங்க. உங்க பேரைக் கொடுத்துட்டேன். நாங்க நாற்பத்திமூணு பேர். கத்தற பயிற்சியை மட்டும் இன்னைக்கே தொடங்கிடுங்க. பாலத்துலேருந்து எங்க எல்லாரையும் திரும்பக் கூட்டிட்டு வரணும்.