செலவில் எழுதிய நாற்காலி

கோவில்பட்டி,
ஞாயிறு மதியம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செண்பகராஜ் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கொம்பையா எழுதிக்கொள்வது. திருநெல்வேலியில் நீங்களும் என் தங்கச்சி முத்துசெல்வியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நாற்காலியும் சுகம். வீட்டுக்காரி சொர்ணத்தாய்க்குத்தான் சுகமில்லை. இதைப் போனில் சொல்லலாம். ஆனால் இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவளுக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் போனை முதலில் பார்ப்பது என் தங்கச்சி. அவள் தன் மதினி கட்சி. ஆகவே உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

போன கார்த்திகைக்கு வந்திருந்தபோது நான் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் நோட்டை வைத்து, உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் தரகு பேசுவதைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "மச்சான், ஒரு மேசை நாற்காலி வாங்கிப் போடுங்க. பில்லு மட்டும் பத்திரமா வைங்க, தொழில் செலவுல எழுதிருவோம். ஆனா ஒண்ணு, தொழிலுக்கு மட்டுந்தான் பயன்படுத்தணும்." சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். அந்த "மட்டுந்தான்" மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

மறுவாரம் மந்திரமூர்த்தி கடைக்குப் போனேன். அவர் கடையில் நாற்பது நாற்காலி இருக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் முக்காலியில். ஒவ்வொன்றிலும் உட்கார வைத்தார். ஒன்றில் முதுகு சாய்ந்தது, ஒன்றில் நான் சாய்ந்தேன். கடைசியில் சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி ஒன்றைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல உக்காந்தா எந்திரிக்க மனசே வராது" என்றார். இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை விழுந்து உளுந்து கருத்துப்போனதில் எனக்கு எதிலிருந்தும் எழுந்திரிக்க மனசு வரவில்லை; அதனால் பொருத்தமாக இருக்குமென்று வாங்கினேன். பில்லில் "தொழிலுக்கு மட்டும்" என்று எழுதச் சொன்னேன். மந்திரமூர்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உக்காருததுல தொழில் என்ன, வீடு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார். விஷயம் தெரியாதவர். எழுதி வாங்கிக்கொண்டேன்.

மேசை ஆட்டோவில் வந்தது. உள்ளறை வாசலுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு அறையில் கட்டிலுக்கு இடமில்லை. கட்டில் முன்பக்கப் பட்டாசாலைக்கு வந்தது, கட்டிலுக்குப் பின்னால் சொர்ணத்தாயும் வந்தாள். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இது கரிசலில் கட்டிய வீடு என்பது உங்களுக்குத் தெரியும், மழைக்கு மண் பொங்கும், வெயிலுக்குப் பிளக்கும், தரை எந்த வருஷம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இந்த வருஷம் அடுப்படிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் மேசையருகே விலை பேச ஆரம்பித்தால் பேசி முடிக்கும்போது நாற்காலி என்னை அடுப்படி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். அங்கே சொர்ணத்தாய் கரண்டியோடு நிற்பாள். தாளிக்கிற சத்தத்தில் எதிராளி சொன்ன விலை எனக்குக் கேட்காது. அப்படி ஒரு லோடு மக்காச்சோளம் கைவிட்டுப் போனது.

இருந்தாலும் உங்கள் வார்த்தையை மீறவில்லை. மேசையில் அவள் வத்தல் தட்டை வைத்தாள், எடுக்கச் சொன்னேன். டீக்கடை உச்சிமாகாளி அண்ணாச்சி தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷரை எழுப்ப முடியுமா? அவசரமாக, "உளுந்து என்ன விலைக்கு வாங்குதீங்க?" என்று கேட்டு, அவர் வடைக்கு வாங்கும் விலையை நோட்டில் குறித்துக்கொண்டேன். தொழில் ஆகிவிட்டது. பத்திரிகையை வாங்கி நோட்டுக்குள் வைத்தவன் தேதி பார்க்க மறந்துபோனேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் இப்போது எனக்கு டீ கொடுப்பதில்லை.

இனி எழுதப்போவதுதான் மாப்பிள்ளை, எழுதக் கை வராதது. சொர்ணத்தாய் இருபத்திரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். நம்ம பக்கம் அந்தத் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதானே பேர். ஆபீஸ் என்றாலும் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவது தரையில் உட்கார்ந்து. இடுப்பு எலும்பு தேய்மானம், இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காரட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் நான் வெளியே போய்த் திரும்பும்போது அவள் அந்த நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முகத்தில் வலி இல்லை. அப்படி அவளை நான் பார்த்து வெகுநாளாகிறது. பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். "ஏட்டி, அது ஆபீஸ் நாற்காலில்லா" என்றேன்.

அவள் மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். "நானும் இருபத்திரண்டு வருசம் ஆபீஸுக்குத்தான் போனேன். அங்கன நாற்காலி கணக்கப்பிள்ளைக்குத்தான். இங்கனயும் அப்படித்தான்னு தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. சோறு வரும், சத்தம் வராது. பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள், போன வியாழக்கிழமை, நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மதுரைக்காரர் ஒருவரோடு போனில் விலை பேசிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரப் பேச்சு. முடித்துவிட்டு வெளியே வந்தால் அவள் அடுப்படித் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் அரிந்து முடித்த கத்தரிக்காய் கறுத்துக் கிடக்கிறது. எழுந்திரிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்து காய்ந்திருந்தது. "கூப்பிட்டிருக்கலாம்லாட்டி?" என்று கேட்டேன். "நீங்க தொழில்ல இருந்தீங்க" என்றாள்.

அவளைத் தூக்கி அந்த நாற்காலியிலேயே வைத்து, தெரு வாசல்வரை உருட்டிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினேன். ஊசி போட்டு, பத்து நாள் அசையாமல் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். இப்போது அவள்தான் நாற்காலியில் இருக்கிறாள். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருக்கிறேன். நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கும் இடுப்பு வலிக்கிறது, சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, கேட்டுக்கொள்வது இதுதான். அந்த நாற்காலியைச் செலவுக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். அது தொழிலுக்கு இல்லை, என் பெண்டாட்டிக்கு. வரித்துறை ஐயாக்கள் கேட்டால் நானே நேரில் வந்து ஒப்புக்கொள்கிறேன். நாற்காலிக்கு வருஷம் பத்து சதவீதம் தேய்மானம் கழிக்கலாம் என்று போனில் விளக்கினீர்கள். நன்றாகக் கேட்டுக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷமாக என் வீட்டில் தேய்ந்தவளைப் பற்றி நான் எங்கேயும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அதற்கு உங்களிடம் ஏதும் படிவம் இருக்காது என்பது தெரியும். சும்மா சொன்னேன்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் கை எழுதும் கணக்கெல்லாம் நேராகட்டும். எங்கள் கண்மாயில் தண்ணீர் நின்றாலும் நிற்காவிட்டாலும் உங்கள் வீட்டில் குறைவில்லாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தரையிலிருந்து,
கொம்பையா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நாற்காலியை அடிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டக் கோந்து தேடி நான் எழுந்த நேரத்தில் மேசையில் கிடந்த போன் அடித்தது, சொர்ணத்தாய் எடுத்தாள். எப்போதும்வென்றான் ஊர்ச் சுடலைக்குமார். ஐம்பது மூட்டை உளுந்தை வைத்துக்கொண்டு விலை படியாமல் ஒரு மாதமாக என்னை அலைக்கழிப்பவன். அவள், "ஏலே சுடலை, ஒங்கம்மா எங்கூடக் கட்டை அடுக்குனவ. எங்கிட்டயாடே வெலை ஏத்துத? மழையில நனைஞ்ச உளுந்த இன்னும் எத்தன நாளு வச்சிருப்ப?" என்று கேட்டாள். ஐந்தே நிமிஷம். ஐம்பது மூட்டையும் படிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேசினாள். "போன் இனிமே எங்கிட்டயே இருக்கட்டும், எனக்கு என்ன சம்பளம்னு ஆடிட்டர்ட்ட கேட்டு எழுதுங்க."

அதையும் செலவில் எழுதலாமா? முடியாது என்றால், அந்தப் பதிலை நீங்களே நேரில் வந்து அவளிடம் சொல்லிவிடவும்.