மஸ்ஜித் தானா நாத்தனாருக்கு, பாலத்துக்கடியில் வைக்கும் ரப்பர் பற்றி

ஜாசின்
14.7.1996

மஸ்ஜித் தானாவில் இருக்கும் நாத்தனார் குஞ்சம்மாவுக்கு, ஜாசினிலிருந்து உன் அண்ணி வேலாயி எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் முட்டிவலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அண்ணன் போனதிலிருந்து உனக்கு நான் கடிதம் போட்டதில்லை, போடும் எண்ணமும் இருந்ததில்லை. ஆனால் நேற்று நடந்ததை உன் காதில் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

முத்தாயி மகள் கல்யாணப் பந்தியில் என் மகன் தேவனுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்குப் பாலம் கட்டுற படிப்பு எதுக்குலா, தேவா? பேக்டரியில சேத்துவிடு, பஸ்ஸு வாசலுக்கே வரும்." அவன் பாவம், லாரி ஓட்டுகிறவன், யார் என்ன சொன்னாலும் அதையே மூன்று மாதம் மென்றுகொண்டிருப்பான். மென்று மென்று கடைசியில் துப்பிவிட்டான், தாரணி இந்தத் தவணை ஒரு பாடத்தில் பெயிலானாலும் காலேஜை நிறுத்திவிட்டு பேக்டரி பஸ்ஸில் ஏற்றிவிடுவேன் என்று. என் பேத்தி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்கும் நீதான் காரணம், அதையும் நான் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அவள் வாத்தியார் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார். பாலம் இருக்கிறதே, அதற்கும் அதைத் தாங்கும் தூணுக்கும் நடுவில் ரப்பர் திண்டு வைப்பார்களாம். மேலே லாரி போனால் அதிர்ச்சியை அதுதான் வாங்கிக்கொள்ளுமாம். அதைப் பற்றி ஐந்து புத்தகம் பார்த்து எழுத வேண்டும், வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒன்று குறைந்தாலும் பெயில் என்று சொல்லிவிட்டாராம். நீயும் நானும் விடியாத வேளையில் கொசுக்கடியில் நின்று மரத்தில் வெட்டிய ரப்பர் பால், எங்கோ ஒரு பாலத்துக்கடியில் போய் உட்கார்ந்து பாரம் சுமக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோட்டத்துத் துரை ஒருநாளும் சொல்லவில்லை பார்.

நேற்று அவளைத் தனியாக அனுப்ப தேவன் மாட்டேன் என்றதால் நானும் பஸ் ஏறி மலாக்கா டவுன் லைப்ரரிக்குப் போனேன். ஏர்கோன் குளிர் எலும்பில் இறங்கியது. அங்கே புத்தகத்தை யாரிடமும் கேட்கக் கூடாதாம், கம்ப்யூட்டரிடம்தான் கேட்க வேண்டுமாம். தாரணி வாத்தியார் கொடுத்த கேள்வியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அப்படியே தட்டினாள். அது ஒன்றும் இல்லை என்று சொன்னது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, கேட்கிற முறை சரியில்லை. நம் தோட்டத்தில் கூரைத் தகரம் வேண்டுமென்றால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி துரைக்கு எப்படி மனு எழுதுவார்? முதலில் வணக்கம், பிறகு எந்த லைன் வீடு, யார் மகன், வீட்டில் எத்தனை வாய், மழை எந்தப் பக்கம் ஒழுகுகிறது, எல்லாம் சொல்லிக் கடைசி வரியில்தானே தகரம் வரும். நான் அதே மாதிரி சொல்லச் சொல்ல, அழுகிற நிலைமையில் இருந்த பிள்ளை இங்கிலீஷில் தட்டினாள், ஜாசின் லாரி டிரைவர் தேவன் மகள் தாரணி ஆகிய நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது என்று தொடங்கி, பேக்டரி பஸ் சங்கதி வரைக்கும். அதற்கும் ஒன்றும் இல்லை என்றது. துரை கூட இவ்வளவு கல்நெஞ்சுக்காரன் இல்லை.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததைக் கேட்டு, கவுண்டரில் இருந்த சுசீலா என்ற நம்ம பிள்ளை எழுந்து வந்தது. திரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, "பாட்டி, இதுக்கு இரக்கம்லாம் தெரியாதுலா. தேடுற சாமான் பேர மட்டும் போடணும், மத்ததெல்லாம் தூக்கிடுங்க" என்றது. தாரணி ரப்பர் என்று மட்டும் போட்டாள். வந்தது பார், கையுறை, டயர், ரப்பர் கன்றுக்கு வரும் நோய், பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை முழித்தாள். அப்போதுதான் குஞ்சம்மா, எனக்கு நீ ஞாபகம் வந்தாய்.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், தண்ணிக் குழாயடியில் எந்தப் பெண் என்று கேட்டவர்களிடம் நீ பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. "கறுப்பு, நெட்டை, தெத்துப்பல்லு" என்றாயாம். தோட்டத்தில் கறுப்பு இல்லாதவள் யார்? நெட்டையும் பல பேர் இருந்தார்கள். மூன்றும் சேர்ந்தவள் நான் ஒருத்திதான். சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து என் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தாரணியிடம் சொன்னேன், "உங்க அத்தைப் பாட்டி வாய் மாதிரி கேளு. மூணே வார்த்தை, மூணும் ஒட்டுனதா இருக்கணும்." என் பேத்தி முன்பு தட்டியதை அழித்தாள். பிறகு ரப்பர், பாலம், திண்டு என்று மூன்றையும் போட்டு நடுநடுவே 'அண்ட்' போட்டாள். பக்கம் பக்கமாக ஓடியதெல்லாம் சுருங்கி ஒரு கைப்பிடியில் வந்து நின்றது. அதோடு விட்டாளா? தானாகவே யோசித்து, மலாய்ப் புத்தகத்துக்கு மலாய் வார்த்தைதானே என்று ரப்பருக்குக் கெத்தா, பாலத்துக்கு ஜம்பாத்தான் என்று போட்டு இன்னொன்றையும் பிடித்துவிட்டாள். சுசீலாவே, "இந்தப் புள்ள பொழச்சுக்கும்" என்றது. எனக்கு அந்த ஏர்கோனிலும் உடம்பு சூடாகிவிட்டது. தெரியாதவர்களிடமெல்லாம் என் பேத்தி, என் பேத்தி என்று சொன்னேன்.

நாலு புத்தகம் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாவதை, தாரணி படிக்கிற காலேஜ் பிள்ளை யாரோ எடுத்துக்கொண்டு போய் ஒரு வருஷமாகத் திருப்பவே இல்லையாம். பேர் சொல்ல முடியாது என்று சுசீலா சொல்லிவிட்டது. எந்த வீட்டுப் பிள்ளையோ, வளர்ப்பு அப்படி. பொதுச் சொத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெரியமனுஷி அந்த வீட்டில் இல்லை. போகட்டும். கோலாலம்பூர் வரை போனாலும் அந்த ஐந்தாவதை நாங்கள் கொண்டுவருவோம். உன் வீட்டில் வந்து ஒரு ஊசி கேட்டு நிற்க மாட்டோம். நாளைக்கு என் பேத்தி கட்டுகிற பாலத்தில் நீ பஸ்ஸில் போகும்போது கீழே குனிந்து பார், அவள் வைத்த ரப்பர் இருக்கும்.

உன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். முட்டிக்கு நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுட வைத்துத் தேய். பகை வேறு, முட்டி வேறு.

இப்படிக்கு,
உன் அண்ணி வேலாயி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, அந்த ஐந்தாவது புத்தகத்தின் நம்பரைத் தாரணி ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். 624.2. போன தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தபோது, குளியலறைப் பக்கம் கை கழுவப் போனேன். உன் வாஷிங் மெஷின் ஆடாமலிருக்க அதன் ஒரு காலுக்கடியில் தடியாக ஒரு பச்சைப் புத்தகம் கொடுத்திருந்தாய். அதன் முதுகில் வெள்ளைச் சீட்டு, சீட்டில் இதே நம்பர். உன் பேரன் புவனேந்திரனும் அதே காலேஜில்தான் படித்தான். மேலே வளர்ப்பு பற்றி எழுதிய வரியையும் ஊசி பற்றி எழுதிய வரியையும் நீ படிக்க வேண்டாம். திருப்பி எழுத நேரமில்லை, மஸ்ஜித் தானாவுக்குக் கோழி ஏற்றிப் போகும் அங்கமுத்து லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டான். புத்தகத்தை அவனிடமே கொடுத்தனுப்பு, தங்கச்சி. அதற்குப் பதிலாக மெஷின் காலுக்கடியில் வைக்க, தேவன் பழைய டயரில் சதுரமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறான். ஆடுகிற சாமானுக்கடியில் ரப்பர்தான் வைக்க வேண்டுமாம். அந்தப் புத்தகம் முழுக்க அதைத்தான் சொல்கிறதாம், தாரணி சொல்கிறாள்.