ஆனைக்குன்றத்தின் உயரம் இருநூறு அடி

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஆனைக்குன்றம் என்று ஒரு மலை உண்டு. இது அரசாங்கத்தின் கருத்து. வெள்ளைக்காரன் காலத்து நிலவரைபடத்தில், வளைவு வளைவான கோடுகளோடு, இருநூறு அடி உயரத்தில் அது கம்பீரமாக நிற்கிறது. குவாரிக்காரர்கள் அதை வெட்டி லாரியில் ஏற்றிக் கடற்கரைச் சாலையெங்கும் பங்களாக்களாக நிறுத்திவிட்டார்கள் என்பது மக்களின் கருத்து. இப்போது அங்கே இருப்பது கிடுகிடு பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர்.

பக்கத்துக் காலனி ஜெரோம், ஷிப்டு முடிந்து வரும்போது அதில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். வேலி போடச் சொல்லி அவன் மனைவி ரெஜினா நில அளவை அதிகாரி திருநாவுக்கரசிடம் போனாள்.

அவர் வரைபடத்தை விரித்தார்.

“இதுல பள்ளம் எங்கம்மா?”

“படத்துல இல்ல சார். ஊர்ல கீது.”

“மலை இருக்கிற இடத்துல பள்ளம் எப்படிம்மா இருக்கும்?”

ரெஜினா விடவில்லை. தினமும் போய் நின்றாள். பேஜார் தாங்காமல் அதிகாரி நேரில் வந்தார். படத்தில் கண் வைத்தபடியே நடந்தவர், “இங்கேருந்து ஏத்தம்” என்று காலைத் தூக்கி வைத்தார். ரெஜினா பெல்ட்டைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

உட்கார்ந்தார். படத்தை மறுபடியும் விரித்துப் பார்த்தார்.

“இப்போ இன்னா சார் சொல்றீங்க?”

“செங்குத்தான மலை” என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்.

மேலிடம் மகிழ்ந்தது. நம் மாவட்டத்தில் செங்குத்தான மலை கிடைப்பது லேசா? ‘மலையேற்றத் தலம்’ என்று பலகை நட்டார்கள். சனிக்கிழமைதோறும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கைத்தடியும் முதுகுப்பையுமாக வந்தார்கள். கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கி, ‘சிகரம் தொட்டோம்’ என்று படம் போட்டார்கள். மலை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாத ஆள் என்று ஆகிவிடுமே. ரெஜினா டீக்கடை போட்டாள். ஜெரோம் கயிறு வாடகைக்கு விட்டான். காலனியில் பாதிப்பேர் வழிகாட்டிகள் ஆனார்கள்.

திருநாவுக்கரசு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த அதிகாரி ஸ்வாதி, விளிம்பில் நின்று எட்டிப் பார்த்ததுமே பதறிப்போனார்.

“ஐயோ, எவ்வளவு பெரிய பள்ளம்! உடனே வேலி போட்டுடுவோம்.”

காலனியே திரண்டு சாலையில் உட்கார்ந்துவிட்டது. ஜெரோம் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

“மலைக்கு எவனாச்சும் வேலி போடுவானா மேடம்?”

“இதுல விழுந்துதான் உங்க கால் போச்சுன்னு பழைய மனுவுல இருக்கேங்க?”

ஜெரோம் ரெஜினாவைப் பார்த்தான். அவள் டீ ஆற்றிக்கொண்டே, மற்றவர்கள் காதிலும் விழும்படி அழுத்தமாகச் சொன்னாள்:

“மலை ஏறும்போது வழுக்கிடுச்சு மேடம்.”