நூற்று ஐம்பத்தோராவது துளை

ஒரு காட்டில் புளியங்கொட்டைதான் பணம். முன்பெல்லாம் ஒரு கொட்டைக்கு இரண்டு கிழங்கு கிடைத்தது. பிறகு சில வருடங்கள் புளிய மரங்கள் காய்த்துத் தள்ளின. கொட்டை பெருகியது, கிழங்கு பெருகவில்லை. இப்போது ஒரு கொட்டைக்கு ஒரே கிழங்கு, அதுவும் கடைக்காரப் பன்றி சிரித்த முகமாக இருந்தால்.

அந்தக் காட்டின் ஓடைக்கரையில் செவந்தி என்ற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு ஒரு வளையில் குடியிருந்தாள். ஐப்பசி வந்தால் ஓடை வளைக்குள் வந்துவிடும். மற்ற விலங்குகள் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடும். முள்ளம்பன்றி முதுகில் யாரை ஏற்றுவது? போன ஐப்பசியில் ஒரு குட்டியை வாயில் கவ்விக் கரை சேர்த்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வந்தபோது, தண்ணீருக்கு மேல் அதன் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. அன்றே செவந்தி முடிவு செய்தாள்: அடுத்த மழைக்குள் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

மேட்டில் மாசிலாமணி என்ற எறும்புதின்னி நல்ல காய்ந்த வளை ஒன்று தோண்டி வைத்திருந்தார். விலை முந்நூறு கொட்டை. செவந்தியிடம் இருந்தது இருநூறு.

சித்திரையில் நரி பரமானந்தம் பட்டுப்போன இலவ மரத்தடியில் கடை போட்டார். செங்குத்துப் பாறைத் தேனீக்கள் தங்கள் கூட்டைப் பெரிதாக்க நினைத்தன. அதற்காகக் கூட்டைப் பங்கு பிரித்து விற்கும் பொறுப்பை நரியிடம் கொடுத்திருந்தன. ஒரு பங்குக்கு ஓர் அரச இலை. இலையில் ராணித் தேனீயின் மெழுகு முத்திரை. தேன் விற்ற லாபத்தில் அந்தப் பங்குக்குச் சேர்வது வருடா வருடம் இலைக்காரருக்கு. தேனீக்களுக்குப் புளியங்கொட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெரிய நிறுவனம், ஏதாவது காரணம் இருக்கும்.

விலைப் பலகை அந்த இலவ மரம்தான். ஒரு கொட்டைக்கு ஒரு துளை. மரங்கொத்தி தொண்ணூற்றாறு துளை போட்டு வைத்திருந்தான். ஒரு பங்கு விற்றால் ஒரு துளை கூடும் என்பது ஏற்பாடு.

"விலை இறங்குச்சுன்னா?" என்று செவந்தி கேட்டாள்.

மரங்கொத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நான் துளை போடுறவன். அடைக்கிறது குளவி வேலை. அதுக்குத் தனி மனு, மூணு பிரதி. குளவி லீவுல இருக்கு."

"அதை விடுங்கக்கா," என்றார் நரி. "போன வருஷம் ஒரு பங்குக்குப் பன்னிரண்டு கொட்டை லாபம். விலை தொண்ணூத்தாறு. எட்டே வருஷத்துல போட்டது கைக்கு வந்துரும். அப்புறம் வர்றதெல்லாம் சும்மா வர்றது. ரெண்டு இலை எடுங்க. மழைக்கு முன்னால முந்நூறாகி நிக்கும்."

"எழுதித் தருவீங்களா?"

"எழுதித் தரக் கூடாதுன்னு சட்டம் இருக்குக்கா. வாயால எவ்வளவு வேணா சொல்லலாம்."

செவந்தியின் பக்கத்து வளை முயல் குஞ்சிதம் அங்கேயே இரண்டு இலை வாங்கினாள். செவந்தி வாங்கவில்லை. பெரிய செலவு எதுவானாலும் திருவேங்கடத்திடம் ஒரு வார்த்தை கேட்பது அவள் வழக்கம்.

திருவேங்கடம் ஓர் ஆமை. ஐம்பத்தைந்து வயது, ஆமைகளில் அது நடுவயதுகூட இல்லை. எதையும் இரண்டு முறை எண்ணுவார். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் அதற்காகவே சந்தேகப்பட்டு மூன்றாம் முறை எண்ணுவார். அவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால் யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியாது. சில நேரம் அவருக்கே தெரியாது.

"போன வருஷம் மலையில குறிஞ்சி பூத்துச்சே, தங்கச்சி," என்றார்.

"ஆமாண்ணே. மலையே நீலமா இருந்துச்சு."

"அடுத்து எப்பப் பூக்கும்?"

"இன்னும் பதினோரு வருஷம் ஆகும்."

"அப்ப போன வருஷ லாபத்தை வச்சு எப்படி விலை சொல்றான் அவன்? கல்யாண வீட்டுல ஒருத்தன் சாப்பிடுறதைப் பாத்துட்டு, தினமும் இவன் இப்படித்தான் சாப்பிடுவான்னு அரிசி வாங்கி வைக்கிற மாதிரி இருக்கு. ஒரு வருஷம் போதாது. பத்து வருஷம் பாக்கணும். பாத்துட்டு வரேன். நீ அவசரப்படாதே."

ஆமை கிளம்பினார். பாறைக்குப் போய்ச் சேர இருபது நாள் ஆனது. அங்கே வரிசையில் இரண்டு நாள் நின்றார். பழைய கணக்கு கேட்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். எழுத்தர் தேனீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"பழைய கணக்கெல்லாம் மெழுகுல எழுதி வச்சிருந்தோம், சார். மெழுகை உருக்கிப் புது அறை கட்டிட்டோம்."

ஆமை சோர்ந்துபோய் இறங்கி வரும் வழியில் கரடியைப் பார்த்தார். கரடி அந்தக் கூட்டை வருடம் தவறாமல் கொள்ளையடிப்பவன். எந்த வருடம் எவ்வளவு தேன் இருந்தது என்பது அவன் நாக்கிலேயே இருந்தது. பத்து வருடத்தையும் பிசகாமல் சொன்னான். வறண்ட வருடத்தைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. இதைவிட நேர்மையான தணிக்கையாளரை ஆமை பார்த்ததில்லை.

ஆனி மாதம் திரும்பி வந்து செவந்தியிடம் கணக்கை விளக்கினார். அதற்குள் விலை நூற்றெட்டு ஆகியிருந்தது. நரியும் விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்றார். பின்னால் ஒரு சிறு கூட்டமும் வந்தது.

"குறிஞ்சி வருஷத்துல பங்குக்குப் பன்னிரண்டு கொட்டை, சரி," என்றார் ஆமை. "அதுக்கு முந்தின ஒம்போது வருஷமும் பங்குக்கு ஒண்ணு, அவ்வளவுதான். ஆனா அன்னைக்குக் கொட்டைக்கு மதிப்பு அதிகம். ஒரு கொட்டைக்கு ரெண்டு கிழங்கு கிடைச்ச காலத்து ஒரு கொட்டையை இன்னைக்கு ரெண்டா எண்ணுறதுதான் நியாயம். அப்படித் திருத்திப் போட்டா வருஷத்துக்கு ரெண்டு வருது. ஒம்போது வருஷத்துக்குப் பதினெட்டு. குறிஞ்சி வருஷத்தோட முப்பது. பத்தால வகுத்தா மூணு. விலை நூத்தெட்டு. போட்ட காசு திரும்ப முப்பத்தாறு வருஷம் ஆகும்."

"கேட்டீங்களா!" என்று நரி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பழைய ஒண்ணை இவர் ரெண்டாக்குறாரு. என் கணக்கைக் கள்ளக் கணக்குங்கிறாங்க!"

கூட்டம் சிரித்தது.

"அதென்ன பத்து வருஷம்? குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானே பூக்குது. ஏன் பன்னிரண்டு எடுக்கல?" என்று நரி மடக்கினார்.

ஆமை பதில் சொல்வதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அது நல்ல கேள்வி. நல்ல கேள்வியை எதிரி கேட்டாலும் அவரால் ஒதுக்க முடியாது.

"என் முன்னங்கால் ரெண்டுலயும் சேர்த்துப் பத்து நகம்தான் இருக்கு," என்றார் கடைசியில்.

குஞ்சிதம் விழுந்து விழுந்து சிரித்தாள். மரங்கொத்திகூடக் கொத்துவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். செவந்தி மட்டும் சிரிக்கவில்லை. முள்ளம்பன்றி முப்பத்தாறு வருடம் உயிரோடு இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருநூறு கொட்டையையும் வளைக்குள் புதைத்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டாள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மரத்துக்குத்தான் அது தெரியவில்லை. ஆடியில் நூற்றிருபது துளை. ஆவணியில் நூற்று முப்பத்தைந்து. அந்த வருடம் குறிஞ்சி பூக்கவில்லை. பாறையில் தேன் பாதி அறைகூட நிரம்பவில்லை. கரடி மெலிந்து போனான். ஆனாலும் விலை ஏறியது. இறக்குவதற்குக் குளவி வரவேண்டும், குளவி வரவில்லை. வளை விற்கும் மாசிலாமணியே கையிலிருந்த கொட்டையெல்லாம் கொடுத்து இலை வாங்கினார்.

குஞ்சிதம் காதில் இலையைச் செருகிக்கொண்டு நடந்தாள். "என்ன செவந்தி, உங்க அண்ணன் எண்ணி முடிச்சாரா? இல்ல, பின்னங்காலுக்கு இப்பத்தான் வந்திருக்காரா?"

செவந்தி வாரம் ஒருமுறை ஆமையிடம் போய்ச் சண்டை போட்டாள். புரட்டாசியின் கடைசி வாரம் விலை நூற்று ஐம்பதைத் தொட்டது. அன்று அவள் சண்டை போடவில்லை. அதுதான் ஆமைக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு ரெண்டு இலை வாங்கியிருந்தா இன்னைக்கு முந்நூறுண்ணே," என்றாள் மெதுவாக. "சரியா முந்நூறு. வளை என்னோடது. மேகம் கூடிடுச்சு. இந்தத் தடவை முதல்ல எந்தக் குட்டியைத் தூக்கட்டும்? அதையும் உங்க நகத்துல எண்ணிச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கணக்கை மறுபடி போட்டார். மூன்று. மறுபடி போட்டார். மூன்று. நூற்று ஐம்பதை மூன்றால் வகுத்தால் ஐம்பது. கணக்கில் பிழை இல்லை. அப்படியானால் பிழை எங்கே? காடு முழுக்க ஒரு பக்கம் நிற்கிறது, தான் ஒருவன் மட்டும் மறுபக்கம் நிற்கிறோம். இத்தனை பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லையோ? பத்து வருடத்தையும் சரியாகப் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டிய பதினோராவது வருடத்தை விட்டுவிட்டோமோ? இப்படி யோசித்து யோசித்து விடியும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தன்னிடமிருந்த நூற்று அறுபது கொட்டையை மூட்டை கட்டிக்கொண்டு இலவ மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மூன்று நாள் நடந்தார்.

மூன்றாம் நாள் செவந்தியும் கிளம்பினாள். முதல் தூறல் விழுந்துவிட்டது. இருநூறு கொட்டைக்கு ஒரு இலைதான் வரும். அதுவாவது ஏறட்டும் என்று பையை வாயில் கவ்விக்கொண்டு வந்தாள். மரத்தடியில் இப்போதெல்லாம் வரிசை பெரிதாக இல்லை. ஒரே ஒருவர் முன்னால் நின்றார். ஓட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பை வாயிலிருந்து நழுவியது.

"அண்ணே! நீங்களா?"

ஆமை திரும்பவில்லை. "தங்கச்சி," என்றார் தரையைப் பார்த்தபடி. "கணக்குச் சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் அதுமேல நம்பிக்கை போயிருச்சு."

செவந்தி அவரைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தனக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. காட்டிலுள்ள அத்தனை பேரும் எப்போதோ வாங்கி முடித்திருந்தார்கள். வாங்கவே மாட்டேன் என்று ஆறு மாதம் நின்றவரே இன்று வாங்குகிறார் என்றால், இனி வாங்க மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

"அடுத்தது நீங்கக்கா," என்றார் நரி குழைந்து.

"எனக்கு அடுத்தது யாரு?" என்று கேட்டாள் செவந்தி.

செவந்தி பையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, நன்றாகத் தள்ளிப் போய் நின்றாள்.

ஆமை நூற்று ஐம்பது கொட்டையை எண்ணிக் கொடுத்தார், இரண்டு முறை. இலையை வாங்கிக்கொண்டார். பங்கு விற்றதால் வழக்கப்படி ஒரு துளை போட மரங்கொத்தி பறந்து போய் மரத்தில் இடம் தேடினான். இடமே இல்லை. அடிமரத்தில் சுண்டைக்காய் அளவுக்குக் கொஞ்சம் நல்ல கட்டை இருந்தது. அதில் ஓங்கி ஒரு கொத்து கொத்தினான்.

மரம் முனகியது. பிறகு, மெதுவாக, யாரையும் நசுக்காமல், விலையோடு சேர்ந்து விழுந்தது.

சத்தம் கேட்டுக் காடே ஓடி வந்தது. குஞ்சிதம் இலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "என் ரெண்டையும் இப்பவே விக்கணும்! இப்ப விலை என்ன?"

"விலை கீழே கிடக்கு," என்றான் மரங்கொத்தி.

"பதறாதீங்க," என்றார் நரி. "விலையே இல்லாதபோது நஷ்டம் எப்படி வரும்? விக்கிறவங்க தாராளமா விக்கலாம். வாங்குறவரைக் கூட்டிட்டு வந்தா போதும்."

வாங்குவதற்குக் காட்டில் யாரிடமும் கொட்டை இல்லை. எல்லார் கையிலும் இலை. எல்லாத் தலைகளும் ஒன்றாகச் செவந்தியின் பக்கம் திரும்பின.

அன்று மாலை, தூறல் கொட்டும் மழையாகி ஓடை பெருகிவிட்டபோதும், ஓடைக்கரை வளைக்கு முன்னால் வரிசை நீண்டது. எழுபதுக்கு ஒரு இலை, நாற்பதுக்கு ஒரு இலை, பத்துக்கு இரண்டு இலை என்று கூவினார்கள். செவந்தி ஒரு இலையும் வாங்கவில்லை. வரிசையின் கடைசியில் மாசிலாமணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவரிடம் கிழங்கு வாங்கக்கூட ஒரு கொட்டை இல்லை.

"அம்மா, அந்த மேட்டு வளை. முந்நூறு சொன்னேன்..."

"நூத்தி இருபது."

"அதுக்குத் தோண்டுன கூலிகூட வராதும்மா."

"தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சுங்க. எனக்குப் பேரம் பேச நேரமில்ல. உங்களுக்கு?"

மாசிலாமணி பதில் சொல்ல வாயெடுத்தார். வயிறு அவருக்கு முன்னால் பதில் சொன்னது.

விடிவதற்குள் ஓடை பழைய வளையை நிரப்பியது. செவந்தியின் குட்டிகள் மேட்டில் காய்ந்த மண்ணில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. நான்கு நாள் கழித்துத் திருவேங்கடம் நனைந்தபடி வந்து சேர்ந்தார். செவந்தி அவருக்கு ஒரு கிழங்கு சுட்டுக் கொடுத்தாள்.

"உங்களாலதாண்ணே தப்பிச்சேன்," என்றாள்.

"என் கணக்கை நம்பினியா?" அவர் முகம் மலர்ந்தது.

"கணக்கை விட்டுருங்க. உங்களை வரிசையில பாத்தேன்ல, அதைச் சொல்றேன்."

ஆமை அதை வெகுநேரம் மென்றார், கிழங்கோடு சேர்த்து. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பரவாயில்ல தங்கச்சி. போட்ட காசு ஐம்பது வருஷத்துல திரும்பிடும். எனக்கென்ன அவசரம்? அதுக்குள்ள குறிஞ்சி நாலு தடவை பூத்துரும்."

நரி பரமானந்தம் விழுந்த மரத்தின் மேல் ஏறி நின்று புதுப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். பாடம்: ஆமைத் திருத்தப் பத்தாண்டுச் சராசரி. கட்டணம் பத்து கொட்டை. கொட்டை இல்லாதவர்கள் இலையாகவும் கொடுக்கலாம். குஞ்சிதம் முதல் வரிசையில் உட்கார்ந்து தன் முன்னங்கால் நகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நீதி: பத்தாண்டுக் கணக்கு போடத் தெரிந்த நண்பர் ஒருவர் எல்லாருக்கும் அவசியம். அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை பொறுமையாகத் திட்டிக்கொண்டிருங்கள். என்றைக்கு அவரே வாங்கப் புறப்படுகிறாரோ, அன்றைக்கு மரத்தடியை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.